வீட்டுக்கல்வியில் ஓ.டி.: ஊஞ்சலும் பிரஷ்ஷும் இல்லாமல் என்ன செய்யலாம்?

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு), டிஸ்லெக்ஸியா (படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) என்று ஏதோ ஒரு பெயர் போட்ட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இனிமேல் பள்ளி வேண்டாம், வீட்டிலேயே சொல்லிக்கொடுப்போம் என்று முடிவெடுக்கும் பெற்றோர் புதுச்சேரி, கடலூர்ப் பக்கமும் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதலில் இரண்டு காரியம் செய்வார்கள். மேசை நாற்காலி வாங்கிப் போட்டு, ஒன்பதரைக்குத் தமிழ், பத்தேகாலுக்குக் கணக்கு என்று சுவரில் அட்டவணை ஒட்டுவார்கள். அப்புறம் தெரபி சென்டரில் பார்த்த ஊஞ்சல், பெரிய பந்து, உடம்பில் தேய்க்கும் பிரஷ், எடை போட்ட ஜாக்கெட் எல்லாவற்றையும் ஆன்லைனில் ஆர்டர் செய்து ஒரு மூலையில் அடுக்குவார்கள். பிள்ளை எந்த அட்டவணையில் தடுமாறி வெளியே வந்ததோ அதே அட்டவணை வீட்டுக்குள் வந்துவிட்டது, கூடவே ஒரு சின்ன தெரபி சென்டரும். பணமும் போய்விட்டது.

உண்பது, உடுத்துவது, எழுதுவது, விளையாடுவது போன்ற அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி., வீட்டுக்கல்விக்கு நிஜமாகவே பெரிய உதவி. (கடலூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் ஊரில் ஆட்டோக்காரரிடம் ஓ.டி. என்றால் ‘ஓல்ட் டவுன்’ என்று எடுத்துக்கொண்டு முதுநகரில் கொண்டுபோய் விடுவார் என்று தெரியும்.) ஆனால் அந்த உதவி பொருட்களில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரு ஓ.டி. (அந்தத் தெரபிஸ்டையும் இப்படித்தான் சொல்வார்கள்) ஒரு பிள்ளையின் அன்றாடத்தை எப்படிப் பார்க்கிறாரோ, அந்தப் பார்வையைக் கற்றுக்கொள்வதில்தான் இருக்கிறது. பார்வைக்குக் காசு கிடையாது, ஆனால் பொறுமை நிறைய வேண்டும்.

1996-இல் கனடாவில் மேரி லா என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் எழுதிவைத்த ஒரு மாடல் இந்தத் துறையில் எல்லோருக்கும் பாடம். ஒருவரால் ஒரு காரியத்தைச் செய்ய முடிகிறதா என்பது மூன்று விஷயங்களின் பொருத்தம்: ஆள், அந்தக் காரியம், அது நடக்கும் இடம். நாம் வழக்கமாக ஆளை மட்டும் பார்ப்போம். “கவனமே இல்லை”, “சோம்பேறி”, “அடம்”. பத்து மணிக்குக் கணக்கு நோட்டைத் திறந்தால் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் பையனை ஓ.டி. பார்த்தால், அவர் முதலில் பார்ப்பது அவன் கால் தரையில் படுகிறதா என்பதைத்தான். பெரியவர்கள் நாற்காலியில் உட்காரும் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கால் அந்தரத்தில் தொங்கும். உடம்பை நேராகப் பிடித்துக்கொள்வதிலேயே பாதிச் சக்தி போய்விடும், எழுத மீதிதான் இருக்கும். காலுக்கடியில் ஒரு மணையோ பழைய செய்தித்தாள் கட்டோ வைத்தால் சில நேரம் பிரச்சினையில் பாதி குறைந்துவிடுகிறது. அப்புறம் அடுத்த அறையில் மிக்ஸி ஓடுகிறதா, டியூப்லைட் கண்சிமிட்டுகிறதா, காலையில் என்ன சாப்பிட்டான், கணக்குப் போடுவதும் அதை எழுதுவதும் இரண்டு தனித்தனி வேலையாக இருக்க ஒரே நேரத்தில் கேட்கிறோமா என்று போகும். இதில் எதுவும் பிள்ளையை மாற்றச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

பள்ளியில் ஆசிரியை நினைத்தாலும் இதையெல்லாம் மாற்ற முடியாது. நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி பெஞ்ச், ஒரே மணி. வீட்டில் இடமும் காரியமும் நேரமும் உங்கள் கையில் இருக்கின்றன. வீட்டுக்கல்வியில் ஓ.டி.க்குக் கிடைக்கும் பெரிய வசதியே அதுதான். அதை விட்டுவிட்டு ஒன்பதரை மணி அட்டவணைக்குள் புகுந்துகொள்வதுதான் எனக்கு எரிச்சல்.

புலன்கள் பக்கம் வருவோம். ஐந்து புலன் என்று படித்திருக்கிறோம். இவர்கள் இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்வார்கள்: தசையும் மூட்டும் “கை எங்கே, எவ்வளவு அழுத்துகிறேன்” என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு, உள்காதிலிருந்து வரும் சமநிலை உணர்வு, பசி, தாகம், சிறுநீர் முட்டுவது போன்ற உள்ளுடம்பு உணர்வு. அமெரிக்க ஓ.டி. ஜீன் ஏயர்ஸ் 1972-இல் வெளியிட்ட நூலில் இந்தப் புலன் தகவல்களை மூளை ஒருங்கிணைப்பதில் சிக்கல் இருந்தால் கற்பதிலும் சிக்கல் வரும் என்ற கோட்பாட்டை விரிவாக வைத்தார். தெரபி சென்டர் ஊஞ்சலெல்லாம் இந்த வழியில் வந்ததுதான். பின்னால் வின்னி டன் என்பவர் வீட்டில் பயன்படுத்த இன்னும் வசதியான ஒரு வரைபடம் கொடுத்தார். சில பிள்ளைகளுக்குச் சின்னத் தூண்டுதலே பெரிதாகத் தெரியும், சிலருக்குப் பெரிய தூண்டுதலும் எட்டாது. அதற்கு எதிர்வினை செய்வதிலும் இரண்டு வகை உண்டு, சும்மா இருப்பவர்கள் ஒரு பக்கம், தானே ஏதாவது செய்துகொள்பவர்கள் இன்னொரு பக்கம். ஆக நான்கு: தேடுகிறவர், தவிர்க்கிறவர், தவிக்கிறவர், கவனிக்காமலே விடுகிறவர். ஒரே பிள்ளை சத்தத்தில் தவிர்க்கிறவராகவும் அசைவில் தேடுகிறவராகவும் இருக்கலாம், அதுதான் சகஜம். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பெண், சோபாவிலிருந்து நாள் முழுக்கக் குதித்துக்கொண்டே இருப்பாள். “சத்தம் பிடிக்காதவளுக்கு எப்படி இவ்வளவு ஆர்ப்பாட்டம்” என்று பாட்டி கேட்பது நியாயமான கேள்வி, பதில் இதுதான். ஆட்டிசத்துக்கான அளவுகோல்களில் இந்தப் புலன் வேறுபாடுகள் அதிகாரபூர்வமாகச் சேர்ந்ததே 2013-இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பில்தான்.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் புலன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இதுவரை இல்லாமல் திடீரென்று தலையை முட்டத் தொடங்கினால், சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினால், முதலில் காது, பல், மலச்சிக்கல். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு உடம்புதான் பேசும். அதற்குப் பார்க்க வேண்டியது குழந்தை மருத்துவரை, ஓ.டி.யை இல்லை.

சரி, வீட்டில் என்ன செய்வது? தசைக்கும் மூட்டுக்கும் வேலை கொடுக்கும் காரியங்களைப் பாடத்துக்கு முன்னும் இடையிலும் வைத்தால் பல பிள்ளைகள் நிதானமாகிறார்கள் என்று தெரபிஸ்டுகள் சொல்வார்கள். ஆங்கிலப் பட்டியல்களைத் தேடினால் சுவரைத் தள்ளு, கனமான உடற்பயிற்சிப் பந்தைத் தூக்கு என்று வரும். நம் வீட்டில் சுவரைத் தள்ள அவசியமே இல்லை. தண்ணீர்க் குடம், துவைத்த துணி வாளியை மாடிக்குத் தூக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது, அரிசி டப்பாவை நகர்த்திப் பெருக்குவது எல்லாமே அதுதான். இடியாப்ப அச்சைப் பிழிவதற்கு எவ்வளவு கைபலம் வேண்டும் என்று பிழிந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு கையும் சேர்ந்து எதிரெதிராக வேலை செய்ய வேண்டும், தோள் அசையாமல் நிற்க வேண்டும், முடிவில் தட்டில் வட்டம் வர வேண்டும். முருங்கைக்கீரை ஆய்வது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நல்ல பயிற்சி, பென்சில் பிடிக்கவும் அதே இரண்டு விரல்தான் முக்கியம். பூக் கட்டுவதில் ஒரு கை பிடிக்க, இன்னொரு கை நூலைச் சுற்றும். பல்லாங்குழியில் ஒரு பிடி புளியங்கொட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் நுனிக்குக் கொண்டுவந்து போட வேண்டும், தெரபி அறையில் பிள்ளை கையில் நாணயங்களைக் கொடுத்து இதையே செய்யச் சொல்வார்கள், இங்கே எண்ணிக்கையும் சேர்ந்துகொள்கிறது. நொண்டி விளையாட்டு சமநிலைக்கு. சேலையில் கட்டிய தூளி, பெரிய பிள்ளையின் எடையைத் தாங்கும் கொக்கி உத்திரத்தில் இருந்தால், அசைவும் கிடைக்கும், உடம்பைச் சுற்றி இறுக்கமும் கிடைக்கும். ஆளில்லாமல் விடக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

“கீரை ஆய்வதெல்லாம் தெரபியா” என்று கேட்பார்கள். இங்கேதான் ஆதாரம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் விற்கப்படும் பலவற்றுக்கும் ஆதாரத்துக்கும் நடுவே நல்ல தூரம் இருக்கிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2012-லேயே, புலன் ஒருங்கிணைப்புக் கோளாறு என்பதைத் தனி நோயறிதலாக எழுத வேண்டாம், இந்தச் சிகிச்சைகளை ஒட்டுமொத்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகச் செய்து பார்க்கலாம், ஆனால் ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள் என்று அறிவுறுத்தியது. நம்மூரில் எத்தனை சென்டர்களில் அதைச் சொல்கிறார்கள்? பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 4 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 138 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. ஏயர்ஸ் வழியிலான சிகிச்சையைப் பெற்றவர்களுக்கும் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களுக்கும், எரிச்சல், கொந்தளிப்பு போன்ற நடத்தைகளில் ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. உடம்பை அழுத்தும்படி எடை வைத்துத் தைத்த எடைப்போர்வையைப் பற்றி 2014-இல் ஓர் ஆய்வு வந்தது, 67 பிள்ளைகள். தூக்கத்தின் அளவு கூடவில்லை, ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது. பிடித்திருப்பதும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கத்தரி வெயிலில், கடல்காற்றின் புழுக்கத்தில், மூன்று கிலோ போர்வைக்குள் ஒரு பிள்ளையைப் படுக்கவைக்க வேண்டும் என்றால் போர்வை வேறு ஊருக்காகச் செய்தது என்றுதான் நான் சொல்வேன். தானாக விலக்கிவிட முடியாத சின்னப் பிள்ளை மேல் எடை போடுவது ஆபத்தும்கூட.

அப்படியென்றால் எது வேலை செய்கிறது? ஆஸ்திரேலியாவிலிருந்து அயோனா நோவாக், இங்கிரிட் ஹோனன் இருவரும் 2019-இல் குழந்தைகளுக்கான ஓ.டி. ஆய்வுகளை மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பிள்ளைக்கு எது வேண்டுமோ அந்தக் காரியத்தையே, அது நடக்கும் இடத்திலேயே, பலமுறை செய்து பழகுவதற்கு ஆதாரம் நன்றாக இருக்கிறது. பெற்றோருக்கு வழிகாட்டி வீட்டிலேயே செய்யவைக்கும் திட்டங்களுக்கும் இருக்கிறது. அடிப்படைப் புலனைச் சரிசெய்தால் மேலே உள்ளதெல்லாம் தானாகச் சரியாகும் என்ற வழிகளுக்கு அவ்வளவு இல்லை. சட்டைப் பொத்தான் போட வேண்டுமா, சட்டைப் பொத்தானைப் போட்டுப் பழகு. களிமண் பிசைந்தால் விரல் பலமாகும், பலமானால் பொத்தான் வரும் என்று காத்திருக்காதே.

நான் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு இதுதான். ஒரு செயலைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்குப் பின்னால் சொல்லப்படும் கோட்பாடு தப்பாகவே இருந்தாலும் பிள்ளைக்கு ஏதாவது மிஞ்சுமா என்று கேளுங்கள். இடியாப்பம் பிழிந்து மூளை ஒருங்கிணைந்ததோ இல்லையோ, காலைச் சாப்பாடு தயார், பிள்ளைக்கு ஒரு சமையல் வேலை தெரிந்துவிட்டது. பிரஷ்ஷால் தேய்த்து ஒன்றும் நடக்காவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுத்துக்கு வருகிறேன், வீட்டுக்கல்வியில் கண்ணீர் அதிகம் விழும் இடம் இது. ஓ.டி. பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் அநேகமாக எல்லாம் ஆங்கில எழுத்துக்கானவை, தமிழுக்கு அப்படியே பொருந்தாது. பிள்ளைகளின் கை முதலில் நேர்கோடு, படுக்கைக்கோடு, அப்புறம் வட்டம், கூட்டல்குறி, சதுரம், கடைசியில் சாய்கோடும் முக்கோணமும் என்ற வரிசையில்தான் வரையப் பழகும். இந்த வரிசையில் பார்த்தால் ட, ப, ம எல்லாம் சுலபம். நாமோ ‘அ’வில் தொடங்குகிறோம். சுழி, வளைவு, குறுக்குக்கோடு, கடைசியில் நேர்கோடு, நடுவில் திசை மாற்றம் வேறு. சொல்லிக்கொடுக்கும் வரிசையும் எழுதவைக்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அ, ஆ என்று வாயால் பாடட்டும், கை ட, ப-வில் தொடங்கட்டும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று நாம் சுழியை எண்ணச் சொல்கிறோம், கண்ணால் பார்த்து எண்ணுவதே சிரமமாக இருக்கும் பிள்ளைக்குச் சுவரில் பெரிதாக எழுதி விரலால் ஓட்டிப் பார்க்கவைத்தால் கை எண்ணிவிடும்.

இன்னொரு சிக்கல் கொம்பும் காலும். ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் ககரம், அப்புறம் எகரம். எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. ‘கொ’ என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. ஒலியின் வரிசையைப் பிடித்துக்கொண்டு எழுதப் பாடுபடும் டிஸ்லெக்ஸியா பிள்ளை இங்கே வழுக்கி விழுவதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் கணினியில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டும்போது முதலில் க, அடுத்து எ, ஒலி வரும் அதே வரிசை. கையால் எழுதச் சிரமப்படும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தட்டச்சைச் சீக்கிரமே அறிமுகப்படுத்தச் சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும். எழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிந்திக்கும் நேரமும் எழுதும் நேரமும் பிரிந்திருக்கட்டும். வரலாற்றுக் கேள்விக்குப் பதிலை வாயால் சொல்லட்டும், தட்டச்சு செய்யட்டும், கைப்பேசியில் பேசி எழுத்தாக்கட்டும். எழுத்துப் பயிற்சி தனியாக, கொஞ்ச நேரம், நல்ல மனநிலையில்.

பயிற்சிக்கும் நோட்டு ஒன்றுதான் வழியா? உடைந்த சாக்பீஸ் துண்டைக் கொடுத்தால் முழுக் கையால் பிடிக்க இடமே இருக்காது, விரல் நுனியில்தான் பிடித்தாக வேண்டும். காம்பவுண்டு சுவரில் பழைய பெயிண்ட் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து எழுதினால் தோளும் மணிக்கட்டும் வேலை செய்யும், தப்பானால் வெயில் அழித்துவிடும், ரப்பர் போட்டுத் தாளைக் கிழிக்கும் பிரச்சினை இல்லை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஈர மணல் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதித்தானே படித்தார்கள். புள்ளிக் கோலம் இடைவெளி, திசை, கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாடம், பையன்களும் போடலாம், வாசலில் போடக் கூச்சமாக இருந்தால் மாடியில்.

பிள்ளை கொஞ்சம் பெரியவராக, பேசித் திட்டமிடக் கூடியவராக இருந்தால் கனடாவில் ஹெலன் பொலடாய்கோ, ஏஞ்சலா மாண்டிக் இருவரும் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. நான்கு படி: இலக்கு, திட்டம், செய், சரிபார். இலக்கைப் பிள்ளை தேர்ந்தெடுக்கும், பெற்றோர் இல்லை. உங்களுக்குக் கையெழுத்து அழகாக வேண்டும், அவனுக்குச் சைக்கிள் விட வேண்டும் என்றால் சைக்கிள்தான். அடுத்ததுதான் நமக்குக் கஷ்டம், எப்படிச் செய்வது என்று நாம் சொல்லக்கூடாது. “எங்கே விழுகிறாய்?” “திரும்பும்போது.” “திரும்பும்போது கண் எங்கே பார்க்கிறது?” “சக்கரத்தை.” “வேறு எங்கே பார்த்துப் பார்க்கலாம்?” இப்படிக் கேள்வியாகவே போக வேண்டும். பத்தாவது கேள்வியில் “தூரத்தில் அந்த மரத்தைப் பார்த்தால்?” என்று அவனே சொன்னால், அந்தத் திட்டம் அவனுடையது. சொல்லிக்கொடுத்தால் ஒரு நிமிடத்தில் முடியும் காரியம் இது என்பதுதான் பெற்றோரைப் படுத்தும். ஆனால் ஏன் தவறினோம் என்று தானே கண்டுபிடிக்கும் பழக்கம் கணக்குக்கும் போகும், கட்டுரைக்கும் போகும்.

சின்னப் பிள்ளைகளுக்கும், அதிகம் பேசாத பிள்ளைகளுக்கும் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிச் சொல்லிக்கொடுப்பது பொருந்தும். கால்சட்டையை முழங்கால் வரை நீங்கள் ஏற்றிவிடுங்கள், கடைசி இழுப்பு அவளுடையது. அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி. முடித்த திருப்தி ஒவ்வொரு முறையும் பிள்ளைக்கே கிடைக்கும். ஏழேமுக்கால் வேனுக்கு ஓடும் வீட்டில் இதற்கு நேரமே கிடையாது, அம்மாதான் பொத்தான் போட்டுத் தள்ளிவிடுவாள். வீட்டுக்கல்வியில் பொத்தான் போடுவதையே காலைப் பாடமாக வைக்கலாம், அதற்கு இருபது நிமிடம் ஆனால் ஆகட்டும். பசி, தாகம் உறைக்காத பிள்ளைக்கு “பசிக்கிறதா?” என்று கேட்டுப் பயனில்லை. பாடத்துக்கு நடுவே குறித்த நேரத்தில் தண்ணீர், கொஞ்சம் பொட்டுக்கடலையோ வேர்க்கடலையோ. கோபம் என்று நினைத்த பல பதினொரு மணிகள் உண்மையில் பசி.

வீட்டுக்குள்ளேயே இருந்தால் உலகம் சுருங்கிவிடும் என்ற பயம் சரியான பயம். அதனால் ஊரையும் பாடத்தில் சேர்க்க வேண்டும், ஆனால் அளந்து. புதுச்சேரியில் பீச் ரோட்டில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டி விடுவதில்லை. மாலையில் கூட்டம் நெரியும், விடிகாலையில் அகலமான ரோடு, அலைச் சத்தம், நடப்பவர்கள் கொஞ்சம் பேர். அதே இடம், நேரம் மட்டும் வேறு. பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதிக்கு முதல் நாளே அழைத்துப் போகாதீர்கள். பூக்கடை வரை போய் ஒரு முழம் வாங்கித் திரும்புவது ஒரு பாடம், காசு கொடுத்துச் சில்லறை வாங்குவது அடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தை எல்லாவற்றுக்கும் கடைசி. கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் பாட்டும் ஏர்ஹாரனும் சேர்ந்து வரும், காதை மூடும் ஹெட்போன் பையில் இருக்கட்டும், யாராவது பார்ப்பார்கள் என்று கூச்சப்பட வேண்டாம். ஆடி மாதம் கூழ் ஊற்றும் ஒலிபெருக்கி, மாசி மகக் கூட்டம், தீபாவளி வெடி இதெல்லாம் தேதி தெரிந்து வருபவை, காலண்டரில் பிள்ளையையே குறிக்கச் சொல்லி அந்த வாரம் பாடத்தைப் பாதியாக்கிவிடுங்கள்.

புயல் தேதி சொல்லி வராது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ என்று நம் கடற்கரைக்கு இது புதிதில்லை. மின்சாரம் இல்லை, ஃபேன் இல்லை, காற்றின் ஊளை, வழக்கமான சாப்பாடு இல்லை. மாற்றத்தைத் தாங்க முடியாத பிள்ளைக்கு ஒரே நாளில் எல்லாமே மாறிவிடுகிறது. படம் ஒட்டிய அட்டவணை வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன்பே “மழை நாள்” என்று தனியாக ஒன்று செய்து, வெயில் அடிக்கும் ஒரு நாளில் மின்சாரத்தை அணைத்துவிட்டு ஒத்திகை பார்த்துவிடலாம். அன்றைக்கும் மாறாமல் இருக்கும் இரண்டு மூன்று விஷயங்கள், அதே தலையணை, அதே தம்ளர், தூங்கும் முன் அதே கதை, அதில் கண்டிப்பாக இருக்கட்டும்.

தெரபிஸ்ட் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விழுங்குவதில் சிக்கல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, வயதுக்கு மிகவும் பின்தங்கிய அசைவு இதற்கெல்லாம் நேரில் மதிப்பீடு கட்டாயம். ஆனால் வாரம் ஐந்து நாள் நாற்பத்தைந்து நிமிட செஷனுக்குப் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட, மாதம் ஒன்றிரண்டு முறை நீங்களும் உள்ளே உட்கார்ந்து, வீட்டில் எடுத்த வீடியோவைக் காட்டி, “இந்த இடத்தில் என்ன மாற்றலாம்?” என்று கேட்பது பலருக்கு அதிகம் பயன்படும். பெற்றோரை உள்ளே விடாத சென்டர் என்றால் நான் வேறு இடம் பார்ப்பேன். படிப்பையும் கேளுங்கள். பி.ஓ.டி. என்பது பயிற்சிக் காலத்தோடு சேர்த்து நான்கு வருடத்துக்கும் மேற்பட்ட பட்டப்படிப்பு, குறுகிய காலச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஓ.டி. என்று போர்டு மாட்டுபவர்களும் உண்டு. நோயறிதலுக்கு கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு இருந்தால் நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் சேர்த்து வாங்க வழி உண்டு. டிஸ்லெக்ஸியாவும் ஏ.டி.எச்.டி.யும் அதில் வராது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. வீட்டுக்கல்விக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. கடலூரில் இருப்பவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் கேட்டால் அதற்கான சிறப்புப் பயிற்றுநர் பற்றித் தெரியும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, எல்லை தாண்டினால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், அதனால் பிறகு பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் எந்தப் பக்கம் என்று முன்பே யோசித்துவிடுங்கள். பெரும்பாலோர் போவது தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கு, என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்கு 14 வயது முடிந்திருக்க வேண்டும், ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம், ஓவியம், மனையியல் போன்ற பாடங்களையும் எடுக்கலாம். ஒரே மாதத்தில் ஐந்து தேர்வைத் தாங்க முடியாத பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

குறைபாட்டுச் சான்றிதழ் இருப்பவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுதும் உதவியாளரும் கிடைக்கும். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல், மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம். இதில் பெற்றோர் கவனிக்காமல் விடுவது ஒன்று: முன்பின் தெரியாத ஒருவரிடம் பதிலைச் சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. எங்கே நிறுத்துவது, “புதுப் பத்தி” என்று சொல்வது, எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லித் திருத்துவது, நடுவில் தண்ணீர் கேட்பது, நாலு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. இதையும் அந்த இடத்தில், அந்தக் காரியமாகவே பழக வேண்டும். தேர்வுக்கு ஒரு வருடம் முன்பே பக்கத்து வீட்டு அக்கா, சித்தப்பா, டியூஷன் அண்ணன் என்று ஆளை மாற்றி மாற்றி உட்காரவைத்து எழுதவைத்துப் பாருங்கள். அம்மாவிடம் மட்டுமே சொல்லிப் பழகிய பிள்ளை தேர்வறையில் வாயே திறக்காமல் இருந்துவிடக்கூடும்.